முதற்படமும் வழிப்படமும்: அறிவியற் புனைகதைத் தொடர்ப்படங்கள் நலிவுறும் காரணம்

1. தோற்றுவாய்

நன்னூற் பொதுப்பாயிரத்தை வகுப்பிற் பயிற்றிக்கொண்டிருந்த ஒருநாள், முதல், வழி, சார்பு என்னும் நூல்வகை மூன்றும் விளக்கப்பெற்ற பின்னர், மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, ‘எந்திரன்’ முதனூல் என்றால் ‘2.0’ வழிநூலா, சார்புநூலா?” என வினவினார். வகுப்பு நகைத்தது. இக்கட்டுரையாளரும் உடன் நகைத்து மேற்சென்றார். எனினும் அவ்வினா நகைத்துத் தள்ளற்பாலது அன்று என்பது பின்னர் எண்ணுந்தோறும் புலனாயிற்று. ஒரு கதை மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தபின் அதனை அடியொற்றிப் பிறிதொன்று செய்தல் இன்று தோன்றிய வழக்கன்று. அங்ஙனம் செய்யுங்கால் நேரும் ஏற்றத்தையும் தாழ்வையும் நம் முன்னோர் நன்கு எண்ணியிருந்தனர்.

அறிவியற் புனைகதைத் திரைப்படங்கள் உலகெங்கும் தொடர்களாக வளர்ந்து வருகின்றன. முதற்படம் வியப்பை விளைக்கின்றது; இரண்டாவது சிலகால் அதனையும் விஞ்சுகின்றது; மூன்றாவது, நான்காவது என எண் ஏற ஏறச் சுவை இறங்குகின்றது. இதற்குக் காரணம் யாது? பொருட்குறை எனலாகாது; பிற்படங்கள் பெரும்பாலும் முற்படங்களினும் மிக்க பொருட்செலவில் எடுக்கப்படுகின்றன. கருவிக்குறை எனவும் கூறலாகாது. கருவிகள் ஆண்டுதோறும் நுண்மை பெறுகின்றன. ஆதலின் காரணத்தைக் கதையின் அமைப்பிலேயே தேடுதல் வேண்டும். முதற்படம் ஒரு வினாவினின்று பிறக்கின்றது. எந்திரம் அவ்வினாவை எழுப்புதற்குரிய வாயிலாக நிற்கின்றது. பிற்படங்கள் எந்திரத்தை உரிமையாகப் பெறுகின்றன, வினாவைப் பெறுவதில்லை. இதுவே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்தாகும்.

ஈண்டு ஒரு தடை எழும். சிறந்த படத்திற்கே தொடர்ச்சி எடுக்கின்றனர்; தோல்வியுற்ற படத்திற்கு எவரும் தொடர்ச்சி எடுப்பதில்லை; ஆகவே உச்சியிற் புறப்பட்டவன் அடுத்து வைக்கும் அடி கீழ்நோக்கியே இருத்தல் இயல்பன்றோ என்பது அத்தடை. இது பெரிதும் உண்மையே. ஆயினும் இஃது ஒருமுறை இறங்குதலை விளக்குமேயன்றி, இறக்கம் ஒரே வகையாகப் பல தொடர்களில் நிகழ்தலை விளக்காது. அவ்வகையையே நாம் ஆராய்தல் வேண்டும்.

2. கொங்குநாடும் எந்திரக் கதையும்

எந்திரக் கதை கொங்குநாட்டுக்குப் புதியதன்று. விசயமங்கலத்தைச் சார்ந்தவரெனக் கொள்ளப்படும் கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையை டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1924ஆம் ஆண்டு அச்சிற் பதிப்பித்தார். நூலின் முற்பகுதியும் இறுதிப்பகுதியும் இன்று கிடைத்தில. எனினும் உதயணன் கதையின் தோற்றுவாயிலேயே ஓர் எந்திரம் நிற்பதைப் பலவழியானும் அறிகின்றோம். யானைமேற் பெருவேட்கையுடைய உதயணனைப் பிரச்சோதன மன்னன் பொய்யானை ஒன்றைக் காட்டிச் சிறைப்படுத்தினான். அதன் வயிற்றுள் வீரர் மறைந்திருந்தனர். பின்னர், கருவுற்ற வாசவதத்தை வான்வழிச் செல்ல விழைந்தமையும் அவ்விழைவு நிறைவேறியமையும் கதையுள் வருகின்றன. யவனத் தச்சரின் கைத்திறனையும் கொங்குவேளிர் எடுத்துக் கூறுகின்றார்.

இவ்வெந்திரங்கள் வேடிக்கைக்காக வந்தன அல்ல என்பது கருதற்பாலது. பொய்யானை உதயணனது வேட்கையைச் சோதிக்கின்றது. தான் மிக விரும்பிய பொருளின் வடிவிலேயே பகை வருதலை அவன் அறிந்திலன். கருவி இங்கே மனித உள்ளத்தின் ஒரு குறையைக் காட்டும் விளக்காகின்றது.

திரைப்படக் காலத்தும் கொங்குநாடு பின்தங்கவில்லை. 1905இற் படக்கருவி ஒன்றை வாங்கி ஊர்தோறும் காட்டிவந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1914இற் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை அமைத்தார். சேலத்தில் டி. ஆர். சுந்தரம் தோற்றுவித்த மாடர்ன் தியேட்டர்ஸ், 1952ஆம் ஆண்டு அமெரிக்கருடன் கூட்டாகக் ‘காடு’ என்னும் படத்தை வெளியிட்டது. மறைந்தொழிந்த மம்மத் யானைகள் இந்தியக் காட்டில் வெளிப்படுவதாக அமைந்த கதை அது. உயிர்யானைகளுக்கு நீண்ட மயிர்ப்போர்வை போர்த்தி மம்மத்துகளாகக் காட்டினர். பிரச்சோதனன் எந்திரத்துக்கு யானைத் தோற்றம் அளித்தான். சேலத்தார் யானைக்குப் பிறிதொரு யானையின் தோற்றம் அளித்தனர். நூற்பாலைகளும் வார்ப்படச் சாலைகளும் மோட்டார்ப் பட்டறைகளும் நிறைந்த இந்நாட்டார்க்கு எந்திரத்தைப் பற்றிய கதை தம் அன்றாட வாழ்வைப் பற்றிய கதையுமாம்.

3. வழிநூல் இழிநூல் அன்று

தொல்காப்பியனார் நூலை முதல், வழி என இரண்டாக வகுத்து, வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நால்வகைப்படுத்தினார். நன்னூலார் சார்பினையும் சேர்த்து மூன்றாக்கினார். (பவணந்தியார் பிறந்த சனகை கொங்குநாட்டுச் சீனாபுரமே எனக் கருதுவாரும் உளர்.) நன்னூலார் கொள்கையை உரைநடையிற் சுருக்கிக் கூறின், வழிநூல் செய்வோனுக்கு இரண்டு கடமைகள் உள எனலாம். ஒன்று, முதனூலின் முடிபை ஒத்து நிற்றல். மற்றொன்று, தனக்கு வேண்டும் வேறுபாட்டைப் புதிதாகக் கூறுதல். ஒத்தல் மட்டும் இருப்பின் அது படியெடுத்தல். வேறுபடுதல் மட்டும் இருப்பின் அது வேறு நூல். ஒருபுடை ஒத்து ஏனைப் பகுதியில் திரிபுடையதாய் வருவது சார்புநூல். அதனைப் புடைநூல் எனவும் வழங்குவர்.

இவ்விலக்கணத்துக்கு உதயணன் கதையே தக்க சான்று. பெருங்கதை தானும் ஒரு வழிநூல்; குணாட்டியர் பைசாச மொழியிற் செய்த பிருகத்கதையின் வழிவந்தது. வழிவந்ததாயினும் தமிழ்நிலத்தின் இயற்கையும் வழக்கும் அதனுட் புகுந்து அதனைத் தனிக்காப்பியம் ஆக்கின. அக்கதையையே பிற்காலத்து உதயணகுமார காவியம் 360க்கு மேற்பட்ட விருத்தங்களிற் கூறுகின்றது. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அவையே, மாந்தரும் அவரே. எனினும் நிகழ்ச்சி நிகழ்ச்சியை விரைந்து தொடர்கின்றதேயன்றி, எந்நிகழ்ச்சியும் உள்ளத்தில் தங்குவதில்லை. ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாக எண்ணப்படினும், பெருங்கதையைக் கற்றார் அதனை நாடிச் செல்வது அரிது. ஒரே கதை ஒருகால் வழிநூலாய் ஓங்கியதும் மற்றொருகால் மெலிந்ததும் யாது காட்டுகின்றன? தொடர்தல் குற்றமன்று, வேண்டும் வேறுபாடு இன்றித் தொடர்தலே குற்றம் என்பதனைக் காட்டுகின்றன.

4. மருட்கையின் நான்கு நிலைக்களன்

அறிவியற் புனைகதைக்கு உயிராகிய சுவை மருட்கை. தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலில் மருட்கை தோன்றுதற்கு நான்கு நிலைக்களன் கூறுகின்றார். முன் காணாத புதுமை ஒன்று. அளவிறந்த பெருமை ஒன்று. வியக்கத்தக்க சிறுமை ஒன்று. ஒரு பொருள் பிறிதொன்றாக மாறும் ஆக்கம் ஒன்று. இந்நான்கையும் தொடர்ப்படங்களோடு பொருத்தி நோக்கின் நலிவின் வழி தெற்றென விளங்கும்.

இந்நான்கனுள் புதுமை ஒருமுறையே செலவாகும் பொருள். முதற்படம் அதனைச் செலவிட்டுவிடுகின்றது. இரண்டாம் படத்திற்கு எஞ்சுவன மூன்று. அவற்றுள் ஆக்கம் அரியது. அதற்குக் கதைமாந்தரின் உள்ளத்தினுட் புகுதல் வேண்டும். பெருமையோ எளியது, பணத்தாற் பெறத்தக்கது. ஆதலின் தொடர்ப்படம் எடுப்போர் பெருமையையே நாடுகின்றனர்.

‘ஸ்டார் வார்ஸ்’ தொடரை எடுத்துக்கொள்வோம். 1977இல் வந்த முதற்படத்தில் ஒரு கோளை அழிக்கவல்ல செயற்கைக் கோட்டை இருந்தது. 1983இல் வந்த மூன்றாம் படத்தில் அத்தகைய கோட்டை மீண்டும் கட்டப்பட்டது. 2015இல் வந்த படத்தில் ஒரு கோளே படைக்கலமாகிப் பல கோள்களை ஒருங்கே அழித்தது. அழிவின் அளவு பெருகியது. அழிந்தோர்க்காக நாம் வருந்தும் அளவோ குறைந்தது. ‘ஜுராசிக்’ தொடர் இன்னும் தெளிவானது. 1993இல் வந்த படம், மனிதன் தன்னால் இயலும் என்பதற்காகவே ஒன்றைச் செய்யலாமோ என்னும் வினாவை எழுப்பியது. 2015இல் வந்த ‘ஜுராசிக் வேர்ல்டு’ படத்திலோ, பழைய விலங்குகளைக் கண்டு மக்கள் சலித்துவிட்டனர் எனக் கதைமாந்தரே கூறி, அவற்றினும் பெரிய கொடிய விலங்கொன்றை ஆய்வகத்திற் படைக்கின்றனர். தொடர்ப்படத்தின் நோயைத் தொடர்ப்படமே வாய்விட்டுக் கூறிய இடம் இதுவாகும்.

5. ‘எந்திரன்’, ‘2.0’: ஓர் ஒப்பீடு

இனித் தமிழுக்கு வருவாம். ஷங்கர் இயக்கத்தில் 2010இல் வெளிவந்த ‘எந்திரன்’, 2018இல் வெளிவந்த ‘2.0’ ஆகிய இரண்டும் தமிழ் அறிவியற் புனைகதைப் படங்களுள் மிகப் பரவலாகக் காணப்பெற்றவை. முதற்படத்தின் எழுத்துப்பணியில் 2008இல் மறைந்த எழுத்தாளர் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. 1980களில் ‘என் இனிய இயந்திரா’ என்னும் தொடர்கதையையும் அதன் தொடர்ச்சியாக ‘மீண்டும் ஜீனோ’வையும் எழுதி, எந்திர நாய் ஒன்றைத் தமிழ் வாசகர்க்கு நண்பனாக்கியவர் அவர். இரண்டாம் படத்திற்கு உரையாடல் எழுதுவதில் ஜெயமோகன் பங்கு கொண்டார். ஆகவே எழுத்தாற்றல் உடையார் இன்மையாற் பிற்படம் மெலிந்தது எனல் பொருந்தாது.

‘எந்திரன்’ படத்தில் மறத்தற்கரிய காட்சி ஒன்று உண்டு. தீப்பற்றிய குடியிருப்பினின்று சிட்டி என்னும் எந்திரம் மக்களை மீட்கின்றது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை ஆடையின்றியே தூக்கி வந்து கூட்டத்தின் முன் நிறுத்துகின்றது. உயிர் பிழைத்த அப்பெண் நாணந்தாங்காது ஓடி, ஊர்தியில் அடிபட்டு இறக்கின்றாள். உயிரைக் காத்த எந்திரத்துக்கு நாண் என்பது யாது எனத் தெரியவில்லை. உயிரினும் நாணைப் பெரிதாகப் போற்றிய மாந்தரைப் பாடிய இலக்கியத்தை உடையவர் நாம். அக்காட்சியின் ஆழம் தமிழர்க்குச் சொல்லாமலே விளங்கும். அந்நிகழ்ச்சியின் பயனாக எந்திரத்துக்கு உணர்ச்சி ஊட்டப்படுகின்றது; உணர்ச்சி காதலாகின்றது; காதல் பகையாகின்றது. இங்கு மருட்கை ஆக்கத்தினின்று பிறக்கின்றது. பொறி உள்ளமாக மாறுவதே வியப்பு. இறுதிப் பகுதியில் எந்திரங்கள் ஒன்று கூடிப் பேருருவெடுத்துப் போரிடும் காட்சிகள் பெருமையைச் சார்ந்தனவே. ஆயினும் அவை ஆக்கத்தின் பின்விளைவாக வருதலால் கதையோடு ஒட்டி நிற்கின்றன.

‘2.0’ படத்தில் வினா இல்லை எனக் கூறலாகாது. கைப்பேசிக் கோபுரங்களாற் பறவைகள் மடிகின்றன என வருந்தும் பட்சிராசன் என்னும் முதியவர் வழியே அஃது எழுப்பப்படுகின்றது. அக்கருத்தின் அறிவியல் உறுதி ஐயத்திற்கு உரியதாயினும், பிற உயிரின் வாழ்வுக்கு இடையூறாகும் வசதியை மனிதன் கைவிடுவானோ என்பது கேட்கத்தக்க வினாவே. படத்தின் சிறந்த பகுதியும் அம்முதியவர் வாழ்க்கையே. ஆயின் அவ்வினா சிட்டிக்கு உரியதன்று. சிட்டி அதனை எண்ணுவதில்லை. அதனால் மாறுவதும் இல்லை. எதிரியை வீழ்த்தும் படைக்கலமாகவே மீட்டுக் கொணரப்படுகின்றது. ஆக்கம் நின்றுவிட்டமையாற் படம் பெருமைக்கும் சிறுமைக்கும் தாவுகின்றது. எண்ணற்ற கைப்பேசிகள் திரண்டு பெரும்பறவையாதல் பெருமை. கைக்குள் அடங்கும் குட்டி எந்திரங்கள் புறாவின் மேலேறி வருதல் சிறுமை. கண் வியக்கின்றது, உள்ளம் வியப்பதில்லை.

வடநாட்டிலும் இந்நிலையே. 2003இல் வந்த ‘கோயி மில் கயா’ என்னும் இந்திப் படத்தில், அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞன் ஒருவன் வேற்றுலக உயிர் ஒன்றோடு நட்புக் கொள்கின்றான். அவன் குறையே கதையின் உயிர். 2006இலும் 2013இலும் வந்த தொடர்ச்சிகளில் அவன் மகன் குறையற்ற வீரனாகிப் பறந்தும் பொருதும் வெல்கின்றான். குறை நீங்கியது, அதனோடு கதையின் நெகிழ்ச்சியும் நீங்கியது.

6. முடிபை அழித்தல்

வழிநூல் முதனூலின் முடிபை ஒத்தல் வேண்டும் என்னும் விதி வெறும் பணிவுக்காக ஏற்பட்டதன்று. முடிபு என்பது கதை தந்த விலை. ‘எந்திரன்’ இறுதியிற் சிட்டி தன் உறுப்புக்களைத் தானே கழற்றி வைத்து அடங்குகின்றது. பல்லாண்டுகட்குப் பின் காட்சிக்கூடத்தில் அதனைக் காணும் சிறுமி காரணம் வினவ, தான் சிந்திக்கத் தலைப்பட்டமையே காரணம் என அது விடை கூறுகின்றது. முடிந்த கதை அது. அவ்வுறுப்புக்களை மீண்டும் பூட்டியவுடன் அவ்விடையின் எடை குறைந்துபோகின்றது.

அமெரிக்கத் தொடர்களில் இது பன்முறை நிகழ்ந்துள்ளது. ‘டெர்மினேட்டர்’ தொடரில், 1991இல் வந்த இரண்டாம் படம் உலக அழிவைத் தடுத்து நிறுத்தி முடிந்தது. 2003இல் வந்த மூன்றாம் படம் அவ்வழிவு தள்ளிப்போடப்பட்டதேயன்றித் தடுக்கப்படவில்லை என்றது. 2019இல் வந்த படம், முன்னிரு படங்களிலும் எவனைக் காக்கப் போராடினரோ அவனையே தொடக்கத்திற் கொன்றது. ‘ஏலியன்’ தொடரில் 1986இல் வந்த படம் பெரும்பாடுபட்டுக் காத்த சிறுமியை 1992இல் வந்த படம் தொடக்கத்திலேயே இறக்கச் செய்தது. தாம் அழுது பெற்ற வெற்றி மறுபடத்திற் பொய்யாகும் என்பதைக் காண்போர் ஒருமுறை அறிந்துகொண்டால், அடுத்த வெற்றிக்கு அவர் மகிழார். அடுத்த இறப்புக்கு அழவும் மாட்டார்.

கொங்குநாட்டு அண்ணன்மார் கதை இதற்கு எதிர்ச்சான்று. உடுக்கையடித்துப் பல இரவுகள் பாடப்படும் நெடுங்கதை அது. மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் 1965இல் அதனை ஒலிப்பதிவு செய்தார். தலைமுறை தலைமுறையாக நீளும் அக்கதை கேட்போர்க்குச் சலிப்பதில்லை. பொன்னரும் சங்கரும் வீரப்பூர்ப் படுகளத்தில் வீழ்வர் என்பதை யாவரும் முன்னரே அறிவர். தங்கை தங்காள் அவரை உயிர்த்தெழச் செய்கின்றாள். ஆயினும் சிறிது நேரமே அவர் எழுகின்றனர், மீண்டும் அடங்குகின்றனர். உயிர்ப்பித்தல் அங்கே முடிபை அழிக்கவில்லை. துயரை மிகுவித்து முடிபை உறுதிப்படுத்துகின்றது. நீளம் கதைக்குப் பகையன்று; முடிபின்மையே பகை.

7. உடையார் வேறு, படைப்பார் வேறு

மேற்கூறியவற்றை அறியாதவரோ திரைப்படம் எடுப்போர்? அறிந்தும் ஏன் செய்கின்றனர்? விடை வாணிகத்தில் உள்ளது. தொடர்ப்படத்தின் பெயர் ஒரு நிறுவனத்தின் சொத்து. ‘ஸ்டார் வார்ஸ்’ உரிமையுடைய நிறுவனத்தை 2012ஆம் ஆண்டு டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்கியது. அத்துணைப் பொருள் கொடுத்தார், கதை முடிந்தது எனக் கைகட்டி இருப்பரோ? பெருமுதல் இட்டவர் பழகிய சுவையையே நம்புவர். அறியாத வினாவுக்கு அஞ்சுவர். காண்போரும் குற்றமற்றவர் அல்லர். முன் கண்டதையே மீண்டும் காணும் இன்பத்துக்காகச் செல்கின்றோம். கண்டபின் புதுமை இல்லை எனக் குறைகூறுகின்றோம்.

பணச்சுருக்கமும் ஓரோவழி காரணமாதல் உண்டு. 1968 முதல் 1973 வரை வெளிவந்த ‘பிளானட் ஆப் தி ஏப்ஸ்’ தொடரின் ஐந்து படங்களில், பிற்படங்கள் முதற்படத்தினும் மிகக் குறைந்த செலவில் எடுக்கப்பட்டன. ஆயினும் செலவு பன்மடங்கு பெருகிய பிற தொடர்களும் மெலிந்தமையால், அதனைத் தலைமைக் காரணமாகக் கொள்ளலாகாது.

8. நலிவுறாத வழிப்படங்கள்

இனி, விஞ்சிய தொடர்ச்சிகளையும் நோக்குதல் நேர்மையாம். ‘டெர்மினேட்டர்’ இரண்டாம் படம் முதற்படத்தின் கொலைப்பொறியையே காவற்பொறியாக்கி, உயிரின் அருமையை ஒரு சிறுவனிடம் எந்திரம் கற்பதைக் காட்டியது. ஆக்கமே அதன் வெற்றி. ஜப்பான் நாட்டுக் ‘காட்ஸில்லா’ இன்னும் சிறந்த சான்று. 1954ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பிகினித் தீவில் அமெரிக்கர் நிகழ்த்திய நீரகக்குண்டுச் சோதனையின் நச்சுச்சாம்பல் ஜப்பானிய மீன்படகு ஒன்றின்மேற் படிந்தது. அவ்வாண்டிறுதியில் வந்த முதற்படம் அணுகுண்டின் அச்சத்தையே பெருவிலங்காக உருவகித்தது. தொடர் வளர வளர, 1960களிலும் 1970களிலும் அவ்விலங்கு சிறுவர்க்கு உகந்த காவலனாகியது, அச்சம் விளையாட்டாயிற்று. 2023இல் வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ போருக்குப் பிந்திய ஜப்பானுக்கே மீண்டு, உயிர்பிழைத்து வந்த வீரன் ஒருவனது குற்றவுணர்வை வினாவாக்கியது. படம் உலகெங்கும் போற்றப்பட்டது. ஏறத்தாழ எழுபது ஆண்டு மூத்த தொடரும் வினாவைப் பெற்றவுடன் இளமை பெறுகின்றது.

தமிழில் இதற்குத் தலைசிறந்த சான்று மணிமேகலை. சிலப்பதிகாரத்தின் தொடர்ச்சியாக அஃது அமைந்தும், கண்ணகியின் சினத்தை மீண்டும் மூட்டிப் பிறிதொரு நகரை எரிக்கவில்லை. சிலம்பின் முடிபை ஏற்றுக்கொண்டு, மாதவி மகள் கையில் அமுதசுரபியைத் தந்து, பசிப்பிணி தீர்ப்பது யாங்ஙனம் எனத் தன் வினாவைத் தானே கேட்டது. ஆகவே அது சிலம்பின் நிழலாகாது இரட்டைக் காப்பியங்களுள் ஒன்றாயிற்று.

9. முடிவுரை

மாணவரது வினாவுக்கு இனி விடை கூறலாம். ‘2.0’ முதற்படத்தின் முடிபை ஒத்து நிற்கவில்லை. அதன் எந்திரத்துக்கு வேண்டும் வேறுபாட்டையும் கூறவில்லை. ஒருபுடை ஒத்து ஏனைய திரிந்து வந்தது. ஆதலின் அது சார்பு என்பதே இக்கட்டுரையாளர் துணிபு. அடுத்த வகுப்பில் இவ்விடையைக் கூறியபோது எவரும் நகைக்கவில்லை; பலர் மறுத்து வாதிட்டனர். அவ்வாதம் நன்று.

இஃது வெறும் பொழுதுபோக்கின் ஏற்றத்தாழ்வு பற்றிய செய்தியன்று. எழுதவும் உரையாடவும் வல்ல எந்திரங்கள் இன்று நம் மாணவர் கைக்கே வந்துவிட்டன. பட்டறையிலும் ஆலையிலும் எந்திரத்தோடு வாழும் இந்நாட்டு மக்கள், அவ்வெந்திரத்தைப் பற்றித் தம் தாய்மொழியிற் கூடி எண்ணுதற்கு வாய்த்த வழிகள் மிகச் சில. கதை அவற்றுள் ஒன்று. அக்கதை பேருருக் காட்டும் வேடிக்கையாகச் சுருங்குமாயின், இழப்பு திரைக்கொட்டகையோடு நில்லாது. பொய்யானையைக் கண்டு மயங்கிய உதயணன், அதன் வடிவை நோக்கினானேயன்றி அதனுள் இருப்பது யாது என வினவினான் அல்லன். அவ்வினாவைத் தமிழிற் கேட்கும் படம் முதலாயினும் வழியாயினும் நாம் வரவேற்கத்தக்கதே.